பதில் வராத கம்பி: தங்கவயல் வகுப்பறையும் இணையமும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் வடக்கிலிருந்து தெற்காக ஒரே வரிசையில் அமைந்தவை. வடகோடியில் பாலகாட். அடுத்து நந்திதுர்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், கடைசியில் மைசூர் மைன்ஸ். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள் பூமிக்குள் 3 கி.மீ. ஆழத்துக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்று பாலகாட் முதல் மாரிகுப்பம் வரையுள்ள லைன் வீடுகளிலிருந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். கணினி வலையமைப்பும் இணையமும் அந்தப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு இதுவரை என்ன கொண்டுவந்தன, இனி என்ன கொண்டுவர முடியும் என்பது இக்கட்டுரையின் கேள்வி.

அதற்குமுன் சுரங்கத்து மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழியின் அடியில் நிற்கும் ஆளை, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை மேலிருந்து இயக்குகிறவர் பார்க்க முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது. இருவருக்கும் நடுவே இருந்த ஒரே பேச்சு மணியோசைதான். இந்தியச் சுரங்க விதிகள் அதற்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. ஓடும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து. நிற்கும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் தூக்கு. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறத் தயார். ஆனால் மூன்று மணி அடித்த கையோடு யாரும் ஏறிவிடக் கூடாது. பதிலுக்கு மூன்று மணி திரும்பி வர வேண்டும். வந்த பிறகே கூண்டில் கால் வைக்கலாம். சொன்னது போய்ச் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி கிடைக்காதவரை அது சொன்னதாகவே கணக்கில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நாம் கொண்டுவந்த தகவல் தொடர்புக் கருவிகளில் பெரும்பாலானவை இந்தப் பதில் மணியை விட்டுவிட்டன. தங்கவயலைப் பொறுத்தவரை அது தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஊருக்குக் கம்பி வந்த வரலாறே அப்படித்தான். காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. தூரம் கம்பியில் ஓடி 1902 ஜூன் மாதம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அன்றைய உலகத்தின் மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூரு நகரத்துக்கு 1905-இல்தான் மின்விளக்கு. இதை இன்றும் ஊரார் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் அந்த மின்சாரம் இத்தனை தூரம் வந்தது அரவை ஆலைக்காகவும் கூண்டுக்காகவும் பம்புக்காகவும். கூலி லைனில் உள்ள குழந்தை இரவில் படிக்க வேண்டும் என்று யாரும் கம்பி இழுக்கவில்லை. 1965-இல் அதே சுரங்கத்தின் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுக்களோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டறிந்தது. உலக இயற்பியலில் நிலைத்துவிட்ட நிகழ்வு அது. வெளியுலகத்தோடு இந்த ஊர் எப்போதும் இணைந்தே இருந்திருக்கிறது. அந்த இணைப்பு யாருக்காக என்பதுதான் ஒவ்வொரு முறையும் வேறு.

தொழிலாளர்கள் தாங்களே போட்டுக்கொண்ட இணைப்பும் ஒன்று உண்டு. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். பிறகு அது 'தமிழன்' ஆயிற்று. தங்கவயலில் அதற்கு உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. எம்.ஒய்.முருகேசர் போன்றவர்கள் பண்டிதரின் எழுத்து புத்தகமாவதற்குத் துணை நின்றார்கள். தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. பண்டிதர் 1914-இல் மறைந்தார். 1926-இல் 'தமிழன்' மறுபடி வந்தபோது சென்னையில் அச்சாகவில்லை. தங்கவயலிலிருந்தே, ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வந்தது.

இதை ஏன் வகுப்பறை வலையமைப்பு பற்றிய கட்டுரையில் சொல்கிறேன் என்றால், அந்த இதழ் வேலை செய்த விதத்துக்காகத்தான். வாசகர் கேள்வி எழுதி அனுப்புவார். இதழில் பதில் வரும். அந்தப் பதிலை எழுத்துத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்வார். அதிலிருந்து அடுத்த கேள்வி புறப்படும். தபால் வண்டியின் வேகத்தில்தான் நடந்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் ஓடியது. பள்ளிக்கூட வாசல் மறுக்கப்பட்ட ஒரு சமூகம் நூறாண்டுக்கு முன்பே தொலைதூரக் கல்வியை இப்படி நடத்திக் காட்டியிருக்கிறது. நம் கல்வித் தொழில்நுட்ப வரலாறுகளில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. கணினி வந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்குவது நமக்குப் பழகிவிட்டது.

அதே 1926-இல் பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர், தம் மாணவர்கள் சிறு அச்சு இயந்திரத்தில் தாங்களே கோத்து அச்சடித்த பக்கங்களை நாட்டின் மறுகோடியில், பிரித்தானிப் பகுதியில் இருந்த இன்னொரு பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார். அங்கிருந்து கடற்கரைப் பிள்ளைகள் எழுதியது திரும்பி வந்தது. முகம் தெரியாத ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்று தெரிந்ததும் எழுத்துப் பிழைகளைப் பிள்ளைகள் தாமே பார்த்துத் திருத்திக்கொள்வதை ஃப்ரெனே கவனித்தார். 1988-இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளுக்கு இடையே கணினி வழியாகத் தொடங்கி, பிறகு ஐயேர்ன் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவிய பள்ளி வலையமைப்பு இதே எண்ணத்தின் மின்னணு வடிவம். கருவி மாறியது, கேள்வி போய்ப் பதில் வரும் ஏற்பாடு மாறவில்லை.

இந்திய அரசு எடுத்த வழி வேறு. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டப்பட்டது. சைட் என்று பெயர். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. கர்நாடகமும் அதில் இருந்தது. மொழிகள் நான்கு: இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு. பிள்ளைகள் பார்க்கலாம், கேட்க முடியாது. அன்றைய தொழில்நுட்பத்துக்கு அது பெரிய சாதனை, குறை சொல்வதற்கில்லை.

2004 செப்டம்பர் 20-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டபோது அந்தச் சாக்கு இல்லாமல் போயிற்று. கல்விக்கென்றே செய்த செயற்கைக்கோள். இருவழிப் பேச்சுக்கு வசதி உண்டு. ஆனால் நிலத்தில் வைக்கும் கருவி இரண்டு வகை. ஒன்று வாங்க மட்டும் தெரிந்தது: ஒரு டிஷ், ஒரு பெட்டி, ஒரு தொலைக்காட்சி. மற்றது அனுப்பவும் தெரிந்தது: மாணவர் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்டால் ஸ்டுடியோவில் ஆசிரியருக்குக் கேட்கும். இரண்டாவதற்கு அனுப்பும் கருவி வேண்டும், கூடுதல் மின்சாரம் வேண்டும், அலைவரிசையில் தனி இடம் வேண்டும். ஆகவே விலையும் கூடுதல். கர்நாடகத்தில் இவை எப்படிப் பங்கிடப்பட்டன என்று பாருங்கள். விஸ்வேஸ்வரையா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகளுக்கு இருவழி. சாமராஜநகர் மாவட்டத்தின் 800-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு ஒருவழி. பொறியியல் மாணவருக்குச் சந்தேகம் வந்தால் தேடிக்கொள்ள நூலகம் இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் உடனே கேட்டாக வேண்டும். கேட்கும் வசதி தேவைப்படாதவருக்குப் போய், தேவைப்பட்டவருக்குப் போகாமல் நின்றது.

தங்கவயலுக்கு வருவோம். சுரங்கம் மூடுவதற்கு 11 நாள் முன்பு, 2001 பிப்ரவரி 17-இல், சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்கள் இணையத்தில் தமிழ் படிக்க வேண்டும் என்பது நோக்கம். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. நல்ல காரியம். அதன் மின்னூலகம் இல்லாமல் இன்று எந்தத் தமிழாய்வும் நகராது. ஆனால் 'வெளியே வாழும் தமிழர்' என்றபோது அன்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது சிங்கப்பூரும் கனடாவும்தான். வேலூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், வேலை போன அப்பாவோடு லைன் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் வெளியே வாழும் தமிழ்ப்பிள்ளைதான். அந்த வீட்டில் 2001-இல் கணினி ஏது?

அதன் பிறகு ஊர் ரயிலில் பிழைக்கத் தொடங்கியது. மாரிகுப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் சுமார் 100 கி.மீ. தள்ளியுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி, கட்டட வேலை, கால் சென்டர் என்று வேலை பலவகை. 2011 கணக்கெடுப்பின்படி 1.6 லட்சம் பேர் வாழும் ஊர் பகலில் பாதி காலியாகத் தெரியும். இணைய வகுப்பு பற்றிய எந்தப் பேச்சையும் இந்த ரயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ஏனென்றால் வீட்டில் உள்ள ஒரே ஸ்மார்ட்போன் அதில் ஏறித்தான் போகிறது.

ஊரக இந்தியாவின் கல்வி நிலையைப் பற்றிய ஏசர் (ASER) ஆய்வு இதை வேறு விதத்தில் காட்டியது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018-இல் 36.5 சதவீதம், 2021-இல் 67.6 சதவீதம். பெரிய தாவல். ஆனால் போன் இருந்த வீடுகளிலேயே 26 சதவீதப் பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. தங்கவயல் நகராட்சி, கிராமம் அன்று. இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் 'வீட்டில் போன் இருக்கிறதா' என்ற கேள்வியும் 'பகல் 11 மணிக்குப் பிள்ளை கையில் போன் இருக்கிறதா' என்ற கேள்வியும் வேறுவேறு என்பதற்கு இந்த ஊரைவிடத் தெளிவான இடம் கிடைக்காது.

2020 வந்தது. மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஜூனில் கர்நாடக அரசு சின்ன வகுப்புகளுக்கு இணைய வகுப்பே கூடாது என்றது. ஜூலை 8-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. கல்வி பெறும் உரிமையில் கைவைக்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை. தனியார் பள்ளிகள் ஜூமுக்குப் போயின. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தூர்தர்ஷனின் கன்னட அலைவரிசையான சந்தனாவில் பாடம் ஓடியது. மறுபடியும் அதே பங்கீடு: காசு கொடுத்தவருக்கு இருவழி, மற்றவருக்கு ஒருவழி.

ஆனால் ஜூமும் பெயருக்குத்தான் இருவழி. இலவசக் கணக்கில் குழு வகுப்புக்கு 40 நிமிடம். ஒரு பீரியட் அளவு. முதல் 5 நிமிடம் 'மிஸ், கேக்கலை' என்பதில் போகும். நாற்பது வீட்டுக் குக்கர் விசிலும் நாற்பது வீட்டுத் தொலைக்காட்சியும் ஒன்றாகக் கேட்க, ஆசிரியை 'அனைவரையும் மியூட் செய்' என்ற பொத்தானை அழுத்துவார். வேறு வழியில்லை. அந்த அழுத்தலில் இருவழி ஒருவழியாகிறது. டேட்டா தீர்ந்துவிடும் என்று பிள்ளைகள் வீடியோவை அணைப்பார்கள். பிறகு திரையில் பெயர்கள் மட்டும் கறுப்புக் கட்டங்களில் நிற்கும். பெயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று ஆசிரியைக்குத் தெரியாது.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 1,522 அரசுப் பள்ளிகளில் 2020-இல் செய்த ஆய்வில், 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு எட்டவில்லை என்று தெரிந்தது. 2021 தொடக்கத்தில் அதே ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளைச் சோதித்தபோது, 92 சதவீதம் பேர் முந்தைய ஆண்டு தெரிந்து வைத்திருந்த மொழித் திறன் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். கணக்கில் 82 சதவீதம். பாடம் நின்றால் புதிது கற்பது நிற்கும் என்றுதான் எல்லாரும் கணக்குப் போட்டிருந்தார்கள். கற்றதும் கரையும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

அந்த நாட்களில் கர்நாடகம் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், என் கணிப்பில், ஆகஸ்டில் தொடங்கிய வித்யாகமா. ஸ்மார்ட்போன் உள்ளவர், சாதா போன் உள்ளவர், எதுவும் இல்லாதவர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, ஆசிரியர்களே தெருவுக்கும் கோயில் திண்ணைக்கும் போய்ச் சிறு கூட்டங்களாகப் பாடம் நடத்தினார்கள். போனை அறிவிப்புக்கும் வீட்டுப்பாடத்துக்கும் பயன்படுத்தி, கேள்வி பதிலை நேரில் வைத்துக்கொண்ட ஏற்பாடு. தொற்று பயத்தில் அக்டோபரில் நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில் வேறு வடிவில் திரும்பியது. நிறுத்தியது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வடிவம் பெருந்தொற்றோடு மறக்கப்பட்டது வருத்தம்தான்.

தங்கவயலுக்கு இதிலெல்லாம் இன்னொரு முடிச்சும் உண்டு. கர்நாடகப் பாடநூல் சங்கம் தமிழ்வழிப் பாடநூல்களையும் அச்சிடுகிறது. இணையத்தில் இறக்கியும் கொள்ளலாம். ஆனால் அந்தப் புத்தகத்துக்குத் தமிழில் காணொளிப் பாடம்? சந்தனா கன்னடத்தில் பேசுகிறது. தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து தமிழில் பேசுகிறது. யூடியூபில் எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குப் பேசுகிறது. இணையத்துக்கு மாநில எல்லை கிடையாது. பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் உண்டு. ஆங்கில வழிக்கு மாறிவிட்ட பிள்ளைகளின் கதை வேறு. பாடம் ஆங்கிலத்தில், 2015-இன் கன்னடக் கற்றல் சட்டப்படி கன்னடம் கட்டாயம், வீட்டில் தமிழ். மூன்று மொழியும் காதில் விழும் இப்பிள்ளைகளுக்கு எந்த மொழியிலும் அவர்கள் ஊரைப் பற்றி ஒரு நல்ல காணொளிப் பாடம் இல்லை. யூடியூபில் 'கே.ஜி.எஃப்' என்று தட்டினால் 2018-இல் வந்த கன்னடப் படத்தின் சண்டைக் காட்சிதான் வந்து நிற்கும்.

ஆசிரியர்களுக்குள் வலையமைப்பு கட்டும் முயற்சி கர்நாடகத்தில் நன்றாகவே நடந்தது. 2011 முதல் ஐ.டி. ஃபார் சேஞ்ச் அமைப்பும் மாநிலக் கல்வித் துறையும் சேர்ந்து உயர்நிலைப்பள்ளிப் பாட ஆசிரியர்களை இணையத்தில் இணைத்தன. ஆசிரியர்களே பாடப்பொருள் எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். பேச்சு பெரும்பாலும் கன்னடத்தில். தமிழ்வழியில் அறிவியல் எடுக்கும் தங்கவயல் ஆசிரியர் அங்கே விருந்தாளியாகத்தான் இருக்க முடியும்.

இந்த நிலையில் வலையமைப்பால் ஆகக்கூடியது என்ன? தலைக்கு ஒரு டேப்லெட் என்ற கனவை நான் நம்பவில்லை. அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையே கணினிவழிக் கற்றலில் பல ஆண்டு உழைத்துவிட்டு, அதன் எல்லைகளைப் பற்றி 2010-இல் வெளிப்படையாகப் பேசியது. வகுப்புக்கு ஒரு போன் போதும். நேரலையும் வேண்டாம். ஒரு வீடியோ பீரியட் பல நூறு மெகாபைட் தின்னும். ஒரு நிமிடக் குரல்பதிவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எடுக்காது. ரயில் போன பிறகும் பள்ளியில் இருக்கும் போன், அவசரமில்லாத கேள்வி, மறுமுனையில் பதில் சொல்லும் இன்னொரு வகுப்பு: தேவை இவ்வளவுதான்.

மறுமுனை எங்கே? பாலாறு காட்டும். தங்கவயலின் குடிநீருக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றில் கட்டியது. அதே ஆறு ஆந்திரத்தின் குப்பம் பக்கமாகப் போய் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக இறங்குகிறது. மேலே, தங்கவயலில், தங்கம் பிரித்தபின் மிஞ்சிய சயனைடு மணல்மேடு. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். கீழே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு. 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தமிழ் பேசுகிறார்கள், ஒரே ஆற்றங்கரைக்காரர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். பாலகாட் பக்கத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பும் ஆம்பூர்ப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பும் வாரம் ஒருமுறை எழுதிக்கொண்டால் போதும். கிணற்றுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, லிட்மஸ் தாள் என்ன நிறம் காட்டுகிறது, எத்தனை மி.மீ. மழை பெய்தது என்று தொடங்கலாம். பாடத்திட்டம் வேறானாலும் அமிலமும் காரமும் இரண்டு புத்தகத்திலும் உண்டு. மேல்கரைப் பிள்ளைகள் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியிடம் தங்கத்தைச் சயனைடால் எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்து அனுப்பலாம். கீழ்க்கரைப் பிள்ளைகள் தோல் எப்படிப் பதமாகிறது என்று திருப்பி அனுப்பலாம். புரியாததை மறுவாரம் கேட்கட்டும். கேள்வி வரும்போதுதான் ஒரு பிள்ளை தான் எழுதியதை மறுபடி படித்துப் பார்க்கும்.

நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கேட்கிறது. ஆகவே பிள்ளைகளின் எண்ணும் படமும் போகாமல் வகுப்பின் பெயரில், ஆசிரியரின் கையிலுள்ள போனில் நடத்துவதே சரி. இன்னொரு சிக்கல் நாட்காட்டி. கர்நாடகத்தில் தசரா விடுமுறை அக்டோபரைத் தின்றுவிடும். தமிழ்நாட்டில் செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பரில் அரையாண்டு. இரண்டு பக்கமும் வகுப்பு ஒழுங்காக நடப்பது ஜூலை, ஆகஸ்ட், நவம்பர். ஆற்றில் தண்ணீர் வந்தால் அதுவும் அநேகமாக நவம்பரில்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளமே வந்தது. ஜூலையில் முதல் பதிவு போய்விட்டால், ஏரி நிரம்புவதற்குள் இரண்டு வகுப்புக்கும் கேள்வி கேட்டுப் பழகியிருக்கும்.